பைன் நாற்றுக்கு இரவு விளக்கு: எந்த பல்பு, எப்போது அணைப்பது?

ஃபின்லாந்தின் நடுப்பகுதியில், 62 பாகை வடக்கை ஒட்டி, நாட்டின் வடகோடியான லாப்லாந்தின் விதையில் ஸ்காட்ஸ் பைன் நாற்று வளர்ப்பவர்களுக்கான குறிப்பு இது. குழித்தட்டில் பீட் (சதுப்புநிலத் தாவர மக்கு) நிரப்புவது, விதைப்பது, நீர் விடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக வெளிச்சத்துக்கு வருகிறேன்.

1. விதைப்பையைப் பாருங்கள். விதை எந்த அட்சரேகையில் சேகரித்தது என்று அதில் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைவதில்லை. அந்த மண்ணின் விதைக்கு, நம் பசுமைக்குடிலில் அப்போது சூரியன் மறைந்திருக்கும் நான்கு மணி நேரமே நீண்ட இரவு. குளிர்காலம் வருகிறது என்று நாற்று நுனிமொட்டு வைத்து, உயர்வதை நிறுத்திவிடும். உரத்தைக் கூட்டிப் பயனில்லை; அந்த இரவை விளக்கால் மறைக்க வேண்டும். உள்ளூர் விதை என்றால் விளக்கே வேண்டாம்.

2. முளைத்ததும் விளக்கைப் போடுங்கள். மொட்டு வைத்தபின் போட்டால் பலன் குறைவு. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய அளவு வெளிச்சம் தேவையில்லை. மங்கலாக எரிந்தாலே போதும். ஒளி உணரியை விட, அட்சரேகையைக் கொடுத்தால் சூரிய நேரத்தைக் கணக்கிடும் டைமரே எனக்குப் பிடிக்கும். மேகத்துக்கு அது ஏமாறாது.

3. பல்பு. என்னை நெடுநாள் திணறடித்தது இதுதான். வெள்ளை எல்.இ.டி. இரவு முழுக்க எரிந்தும் நாற்றுகள் மொட்டு வைத்தன. காரணம் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. அது 660 நானோமீட்டர் சிவப்பையும் 730 நானோமீட்டரை ஒட்டிய தூரச்சிவப்பையும் (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) உணர்கிறது. தெற்கத்தி விதைக்குச் சிவப்பு பெரும்பாலும் போதும். வடக்கே போகப்போக, வளர்ச்சி நிற்காமலிருக்கத் தூரச்சிவப்பும் தேவைப்படுகிறது. பழைய குண்டு பல்பில் அது தாராளமாக உண்டு; சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் மிகக் குறைவு. அதனால் தூரச்சிவப்பு சேர்த்த நாற்றங்கால் எல்.இ.டி.யை வாங்குங்கள். பெட்டியில் 730 என்ற எண்ணைத் தேடுங்கள்; ‘செடி விளக்கு’ என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நள்ளிரவில் சிறிது நேரம் எரியவிடும் சிக்கன முறையும் வடக்கத்தி விதைக்கு நம்பகமானதல்ல. இரவு முழுக்க எரியட்டும்.

4. அணையுங்கள். நான் ஜூலை கடைசியைத் தாண்டவிடுவதில்லை. உயரம் போதவில்லையே என்று இன்னும் சில வாரம் நீட்டத் தோன்றும், செய்யாதீர்கள். மொட்டு வைத்த பிறகும் தண்டு தடிக்கும், வேர் பெருகும், திசு முற்றும். அதற்கு நாள் கொடுக்காவிட்டால் முதல் உறைபனியிலேயே இளநுனி கருகும். நட்ட இடத்தில் பிழைக்கப்போவது குட்டையான, தடித்த நாற்றுதான்.

பின்சேர்ப்பு: ஒரு ஓரத்து வரிசை மட்டும் மொட்டு வைக்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முற்றத்து விளக்கைப் பாருங்கள். ஆகஸ்டில் அந்த வெளிச்சம் உள்ளே விழுந்தாலே சில நாற்றுகளுக்கு இரவு குறுகிவிடும். விளக்குக்கு மறைப்பு போடுங்கள், அல்லது அந்தப் பக்கம் கருந்துணி கட்டுங்கள்.

இரண்டாம் ஆண்டும் விளக்கு போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த ஆண்டின் தண்டு பெரும்பாலும் முந்தைய கோடையின் மொட்டுக்குள்ளேயே உருவாகியிருக்கும். விளக்கால் கூடுவது சொற்பம்.