சித்திரை வெயிலில் பிராசசரை முடுக்குவது

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. அதற்காகக் கணினியின் பிராசசர் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு. இன்டெல் வைத்திருப்பவர்கள் மாடல் எண்ணின் முடிவில் 'கே' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மல்டிபிளையர், அதாவது அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண், பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும், மெனக்கெட வேண்டாம். வேகத்தைக் கூட்டிப் பழுதானால் வாரண்டி கிடையாது.

முதலில் தூசி. என் கடை சாலையோரம். கூலரைக் கழற்றினால், தகடுகளுக்கிடையே இலவம்பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். அதிலேயே 9 டிகிரி குறைந்துவிட்டது!

பிறகு பயாஸ், கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை. அங்கே அடிப்படை வேகம் (பேஸ் கிளாக்) 100 மெகாஹெர்ட்ஸ், அதைத் தொடாதீர்கள். மல்டிபிளையரை 40 என வைத்தால் 4,000 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறையும் 0.25 மட்டும் கூட்டி, பிராசசரை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கணினி உறைந்தால் மட்டுமே வோல்டேஜை ஏற்றுங்கள், அதுவும் துளித்துளியாக. வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் சூடு அதைவிட வேகமாக ஏறும். நான் 1.3 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. இந்தச் சிப்பின் வெப்ப வரம்பு 95 டிகிரி. நான் 80-லேயே நின்றுவிடுவேன்.

மார்கழிக் குளிரில் சோதித்து ஏமாந்தவன் நான். சித்திரையில், சரியாகத் தாலி கட்டும் காட்சியில், கணினி செயலிழந்து நீலத்திரை வந்து நின்றது. மதியம் இரண்டு மணிக்குச் சோதியுங்கள்.

திரையே வரவில்லையா? மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.