செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பட்ஜெட் 30,000 ரூபாய் என்றால் 30,000க்கே வண்டி தேடுவதில்தான் பலருக்கும் முதல் சறுக்கல். பழைய வண்டி எதுவாக இருந்தாலும் வாங்கிய ஒன்றிரண்டு மாதத்தில் டயரோ பேட்டரியோ செயின் ஸ்பிராக்கெட்டோ செலவு வைக்கும். அதோடு இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் இருக்கிறது. அதனால் கையில் 30 இருந்தால் வண்டிக்கு 23, 24க்கு மேல் போகாதீர்கள். மொத்தப் பணத்தையும் அங்கேயே துடைத்துக் கொடுத்துவிட்டு, மொட்டை டயரோடு ஐப்பசி மழையில் வேலைக்குப் போகிறவர்களை ஊர் ஊராகப் பார்க்கலாம்.

அடுத்தது, வண்டியை முதலில் பார்ப்பது. பளபளவென்று பாலிஷ் போட்ட டேங்க்கைப் பார்த்த பிறகு மனசு அதிலேயே நின்றுவிடும், அப்புறம் பேப்பரில் என்ன ஓட்டை இருந்தாலும் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்றுதான் தோன்றும். முதலில் வண்டி நம்பரை வாங்குங்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எப்போது பதிவான வண்டி, ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஃபைனான்ஸ் பாக்கி காட்டுகிறதா என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும், ஹெல்மெட் போடாமல் சுற்றியவரின் பாக்கி உங்கள் தலையில் விழக்கூடாது. நேரில் போகும்போது ஒரிஜினல் ஆர்.சி.யையும் கேளுங்கள், "சிங்கிள் ஓனர்" என்று சொன்ன வண்டி அதில் நாலாவது ஓனர் என்று இருக்கும். நம்பர் தரவே தயங்குகிற ஆளிடம் போய்ப் பெட்ரோலை வீணாக்காதீர்கள். இன்ஜின் போனால் பணம் செலவழித்துச் சரி பண்ணிவிடலாம், ஆர்.சி.யில் சிக்கல் என்றால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

மலிவாகக் கிடைக்கும் வண்டிகளில் பெரிய பொறி 15 வருடக் கணக்கு. பைக்கின் ஆர்.சி. பதிவான நாளிலிருந்து 15 வருடம்தான் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகுதிச் சோதனைக்கு (எஃப்.சி.) காட்டி, பசுமை வரி கட்டி, 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். டேங்க்கில் 'ஹீரோ ஹோண்டா' என்று ஒட்டியிருக்கும் ஸ்ப்ளெண்டர், பேஷன் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்துவிட்ட வண்டிகள், ஏனென்றால் 2011லேயே அந்தக் கம்பெனி ஹீரோ மோட்டோகார்ப் ஆகிவிட்டது. "எஃப்.சி. காட்டிக்கலாம் தம்பி, சும்மா ஆயிரம் ரூபா செலவு" என்பார்கள். அவ்வளவு சும்மா என்றால் அவரே காட்டிவிட்டு விற்கட்டுமே! 20 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 2,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள், பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. யமஹா ஆர்.எக்ஸ். 100 மேல் ஆசை இருப்பவர்களுக்கும் இதே கதைதான். 1996லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி அது, ஆசைக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும், குறைந்த பட்ஜெட்டில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது சரிப்படாது.

ஃபைனான்ஸ் விஷயத்தில் "டியூ எல்லாம் கட்டி முடிச்சாச்சு" என்ற வார்த்தையை நம்பிப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம். அவர் கட்டி முடித்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் இருப்பதாகப் போட்ட பதிவு) கேன்சல் ஆகாத வரை பெயர் மாறாது. ஃபைனான்ஸ் கம்பெனி தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35ம் வேண்டும். அந்தக் கம்பெனி கிளையை மூடிவிட்டுப் போயிருந்தால் அலைச்சல் முழுக்க உங்களுக்குத்தான். ஹெச்.பி.யை அவரே எடுத்துவிட்டு வரட்டும் என்று காத்திருப்பது நல்லது.

இதையெல்லாம் விட மோசமானது 'ஓப்பன் ஃபார்ம்' பழக்கம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார், அந்தக் காகிதத்தோடு வண்டி, பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடை, புரோக்கர், அவருடைய மச்சான் என்று நாலு கை மாறி உங்களிடம் வரும். பெயர் மாற்ற அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஆனால் புரோக்கர் கேட்கும் தொகைக்குப் பயந்து அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2007இல் விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார் 2009இல் விபத்தில் சிக்கியபோது, இன்னும் ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஓனரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பயத்திலேயே பழைய ஓனர் ஒருநாள் வண்டியைத் தேடி வரலாம், இல்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லும்போது அவரை நீங்கள் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துபோயிருந்தால் இன்னும் சிக்கல். மகனோ மனைவியோ வாரிசுச் சான்றிதழ் வைத்துப் படிவம் 31இல் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் விற்க முடியும். "அப்பா வண்டிதாங்க" என்று சொன்னால், அப்பா இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

பி.ஒய். (புதுச்சேரி), கே.ஏ. (கர்நாடகா) நம்பர் வண்டிகள் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். அந்த மாநிலத்து என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

சரி, பேப்பர் சுத்தம். இனி வண்டி. போகும் முன்பே போன் செய்து, "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் எத்தனை கிக்கில் எழுகிறது, எழுந்ததும் என்ன சத்தம் போடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் லேசாக வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பயமில்லை, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜினைப் பிரித்துச் செய்யும் ரிங், போர் வேலை காத்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) போயிருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பல்லை விட்டு எழும்பினால் செட்டே மாற்ற வேண்டும், அதை விலையில் கழியுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நேர் ரோட்டில் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கவனியுங்கள், இழுத்தால் எங்கேயோ விழுந்து ஃபோர்க்கோ சேசிஸோ வளைந்த வண்டி. அதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது சின்ன வேலை. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிக்கர் ரப்பர், பிரேக் பெடல் இவை வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 18,000 காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

2015 சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, நெல்லையிலும் வந்த வெள்ளம் என்று மூழ்கி எழுந்த வண்டிகள் நிறைய. கழுவி பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள், சைடு பாக்ஸ் மூலையிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் காய்ந்த சேறு, வயர் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு, மீட்டர் கண்ணாடிக்குள் ஈரக்கறை என்று எங்கேயாவது காட்டிக்கொடுக்கும். அங்கேயே இருக்கும்போது சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். நம்பர் அடித்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, புதிய புகை விதிப்படியான பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் எஃப்.ஐ. (பெட்ரோலை அளந்து தெளிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) இருக்கும். சாவியைப் போட்டதும் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். உங்கள் ஊர் மெக்கானிக்குக் கார்புரேட்டர்தான் கைவந்தது என்றால் கார்புரேட்டர் உள்ள 2017-2020 காலத்து 100, 110 சி.சி. வண்டி செலவு வைக்காது. கூட்டிப் போகும் மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், புரோக்கர் காட்டுகிற ஆள் புரோக்கருக்குத்தான் வேலை செய்வார்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், உங்கள் வண்டி சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. முடிந்துபோயிருந்தால் தேர்ட் பார்ட்டியாவது (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) உடனே போடுங்கள், 2022இல் நிர்ணயித்த கட்டணம் 75க்கு மேல் 150 சி.சி. வரை வருடத்துக்கு 714 ரூபாயும் வரியும்தான்.

ஆன்லைன் விளம்பரத்தில், "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது, அட்வான்ஸ் போட்டால் வண்டி பார்சலில் வரும்" என்பவர்களுக்கு ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். வண்டியைத் தொடாமல் அட்வான்ஸே வேண்டாம். பணம் கைமாறும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், காலையில் அவர் செய்த விபத்து மாலையில் உங்கள் பக்கம் வராது. பெயர் மாறும் வரை 2,000, 3,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையான ஓனர் முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துக்கொள்வார்.