எல் நினோ வருதாமா? கொங்கு நாட்டில் மழைக் கணக்கு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணி பிறந்தால் போதும், பசிபிக் பெருங்கடலின் சிவப்பு நீல வரைபடத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள். "ஏனுங்ண்ணா, இந்த வருஷம் எல் நினோவாம், நமக்கு ஐப்பசி மழை இருக்குங்களா?" மழை பார்க்கிற பழக்கம் இளவட்டங்களிடம் பரவியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தாராபுரம், காங்கேயம், ஈரோடு என்று எந்தப் பக்கம் போனாலும், மழைமானி வாங்கி வைத்த புதிதில் எங்கள் கூட்டம் சறுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். மில்லிமீட்டரையும் சென்டிமீட்டரையும் குழப்புவது, புயல் பெயரை மாற்றிச் சொல்வது எல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். விதையையும் மாட்டையும் காசையும் காவு வாங்குகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சித்திரையில் சொன்னதைச் சித்திரையிலேயே நம்புவது

பூமத்திய ரேகையை ஒட்டி, பசிபிக்கின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் கடலின் மேல்மட்டம் வழக்கத்தைவிட 0.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடாகி, அந்தச் சூடு மாதக்கணக்கில் நின்றால் அது எல் நினோ. அதே அளவுக்குக் குளிர்ந்து நின்றால் லா நினா. ஒரு வாரம் சூடேறி அடங்கினால் கணக்கில் வராது.

பங்குனி முதல் வைகாசி வரை இந்தக் கடலைக் கணிப்பது உலகத்திலேயே பெரிய மையங்களுக்கும் சிரமம். கடலும் காற்றும் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடி அந்த மாதங்களில் தளர்ந்திருக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பது அப்போது தெரியாது. 2014 தொடக்கத்தில் பெரிய எல் நினோ வருகிறது என்று உலகமே பேசியது. ஆண்டுக் கடைசியில் அது சோனியாக எட்டிப் பார்த்ததோடு சரி. 2017 கோடையின் தொடக்கத்திலும் பல கணினி மாதிரிகள் எல் நினோ என்று காட்டின. வருஷம் முடிகையில் கடலில் இருந்தது லா நினா. ஆடி வரைக்கும் பொறுங்கள். அதற்கு முன்னால் யார் அடித்துச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தென்மேற்கின் கணக்கை வடகிழக்குக்குப் போடுவது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு. ஒவ்வொரு சுற்றிலும் இது திரும்ப வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் யாராவது மாட்டை விற்கிறார்கள்.

"எல் நினோ என்றால் வறட்சி, லா நினா என்றால் மழை" என்று டெல்லியிலும் மும்பையிலும் உட்கார்ந்து சொல்வதில் பெரிய பிழை இல்லை. அவர்கள் பேசுவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையைப் பற்றி. நாட்டின் மழையில் பெரும்பங்கு அதுதான், செய்தியும் அதைச் சுற்றித்தான் வரும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அந்த மழைக்கு எல் நினோ பெரும்பாலும் விரோதி இல்லை. புள்ளிவிவரப்படி பார்த்தால் ஓரளவு கூட்டாளி. லா நினாதான் அந்த மூன்று மாதங்களில் நம் பக்கம் மழையைக் குறைக்கச் சாய்கிறது.

ஒரே கடல் எப்படி இரண்டு வேலை செய்யும் என்று கேட்பார்கள். எல் நினோ சமயத்தில், வழக்கமாக இந்தோனேசியாவுக்கு மேலே எழும்பிக்கொண்டிருக்கும் காற்று கிழக்கே, பசிபிக்கின் நடுப்பக்கம் நகர்ந்துவிடும். நம் திசையில் காற்று கீழிறங்கும், தென்மேற்குப் பருவத்தின் மேகம் அமுங்கும். ஐப்பசியில் கதை மாறுகிறது. காற்றின் திசையே திரும்பிவிட்டது. காற்று இறங்குகிற அந்தக் கிழக்குப் பக்கத்திலிருந்து ஈரமான கீழைக்காற்று வங்கக்கடல் வழியாகத் தென்னிந்தியாவை நோக்கி வருகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலும் அந்தச் சமயம் பெரும்பாலும் சூடாக இருக்கும். ஆடியில் மேகத்தை அமுக்கிய அதே ஏற்பாடு, கார்த்திகையில் ஈரத்தை நம் பக்கம் தள்ளிவிடுகிறது.

மூலனூர்ப் பக்கம் எனக்கு மாமன் முறையில் ஒருவர் இருக்கிறார். கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு வைத்திருப்பவர், சுற்றிக் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல். 2015 ஆனியில் கூப்பிட்டார். "மாப்ள, டிவியில சொல்றானே கேட்டீங்களா? எல் நினோவாமா. ஒரு சொட்டு இருக்காதாமா." அந்த ஆண்டு எல் நினோ உண்மையிலேயே பெரியது. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அது வேற மழை மாமா, நம்ம மழை ஐப்பசியில, கொஞ்சம் பொறுங்க என்றேன். பொறுக்கவில்லை. ஆவணிச் சந்தையில் இரண்டு பசுவையும் ஒரு கிடாரியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சோளம் விதைக்க வைத்திருந்த காட்டை உழாமல் போட்டார். அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் சென்னை மூழ்கியது. மாநிலத்தின் சராசரி மழை இயல்பைவிட ஒன்றரை மடங்கு. அவருடைய காட்டிலும் உழவு மழைக்கு மேல் உழவு மழை. கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது புல் முழங்காலுக்கு நின்றது. கடவைத் திறந்துவிட்டு உள்ளே நடந்தோம். மேய ஒரு வாயும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் செம்மறியை அடைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வருஷம், 2016-இல், எல் நினோ அடங்கிவிட்டது, லா நினா வருகிறது என்று பேச்சு. மறுபடியும் அழைப்பு. "இந்த வருஷம் அடிச்சு ஊத்துமாமா மாப்ள." சந்தையில் மாடு விலை ஏறியிருந்தது. விற்ற விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, பத்தாததற்குக் கடனும் வாங்கி, மாடு பிடித்தார். 2016 வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. நூறு வருஷத்துக்கும் மேலான பதிவுகளில் அவ்வளவு மோசமான பருவம் அரிது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னைகள் மட்டை தொங்கிக் கருகி நின்றதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. மாமன் சோளத்தட்டை லாரி வாடகை கொடுத்து வெளியூரிலிருந்து இறக்கினார், அப்புறம் அதுவும் கட்டுப்படியாகாமல் மாட்டை மறுபடியும் விற்றார்.

இரண்டு வருஷமும் அவர் கேட்ட செய்தியில் பொய் இல்லை. வேறொரு மழைக்கான செய்தி அது. இதை அவரிடம் சொன்னால் இன்றைக்கும், "நீங்க அப்பவே சண்டை போட்டுத் தடுத்திருக்கோணும்" என்று என் பக்கமே திருப்புவார்.

சரி, அப்படியென்றால் எல் நினோ வந்தால் ஐப்பசி மழை உறுதியா? அதுவும் இல்லை. புதியவர்கள் இந்தத் தவறைத் திருத்திக்கொண்ட கையோடு எதிர்ப்பக்கம் விழுவார்கள். 2010-இல் கடலில் வலுவான லா நினா, தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை இயல்பைவிட நன்றாகவே அதிகம். 2021-லும் லா நினா, நவம்பரில் விடாமல் ஊற்றியது. 2018 கடைசியில் எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தது, வடகிழக்கோ 24 சதவீதம் குறைவு. சாய்மானம் இருக்கிறது, சத்தியம் இல்லை. சந்தைக்கு மாட்டை ஓட்டுவதற்கு முன்னால் இந்த வேறுபாடு மண்டையில் இருக்க வேண்டும்.

அணைத் தண்ணீரையும் காட்டு மழையையும் ஒரே கணக்கில் எழுதுவது

கொங்கு நாட்டுக்காரர்கள் இரண்டு மழையில் பிழைக்கிறோம். பவானிசாகரை நிரப்பும் பவானியும் மாயாறும் மலையில் பெய்கிற மழையில், அதிலும் பெரும்பகுதி தென்மேற்கில் ஓடுபவை. ஆழியாறு, பரம்பிக்குளம் தண்ணீரும் பெரும்பாலும் ஆனைமலையில் ஆடி மழை கொடுத்தது. கீழ்பவானி வாய்க்காலில் மஞ்சளும் நெல்லும் வைப்பவர் எல் நினோ செய்தியைக் கேட்டுக் கவலைப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. மூலனூரில் மானாவாரிச் சோளமும் கொள்ளும் விதைப்பவருக்கு அதே செய்தி வேறு பொருள் தரும். அவர் இருப்பது மழை மறைவுப் பகுதி. ஆடியில் அவருக்குக் கிடைப்பது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மட்டும்தான். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், காட்டுக்காரருக்குப் புழுதி.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் பெருவெள்ளம் வந்த ஆகஸ்டில் பவானிசாகரும் நிறைந்து உபரி நீர் போனது. அதே ஆண்டின் வடகிழக்கு மழைக் குறைவை மேலே சொன்னேன். வாய்க்கால் பாசனத்தில் இருப்பவரும் மானாவாரிக்காரரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து "இந்த வருஷம் மழை எப்படி?" என்று பேசினால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இந்தியப் பெருங்கடலைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது

பசிபிக் எங்கேயோ இருக்கிறது. வாசலில் இருக்கிற கடலை எவரும் பார்ப்பதில்லை. ஆப்பிரிக்கப் பக்கத்து இந்தியப் பெருங்கடல் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை இருமுனை. மாறி இருந்தால் எதிர்மறை. ஜப்பானில் இருந்த ஆய்வாளர்கள் 1999-இல்தான் இதைத் தனியொரு சுழற்சியாக அடையாளம் காட்டினார்கள், அதனால் பழைய புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. நேர்மறை பொதுவாக நம் வடகிழக்குக்கு உதவும், எதிர்மறை கெடுக்கும்.

2016-இல் லா நினா பலவீனமானதுதான். ஆனால் இந்தியப் பெருங்கடலில் எதிர்மறை இருமுனை பலமாக இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன. அதற்காக நேர்மறை வந்துவிட்டால் கொட்டும் என்றும் இல்லை: 2019-இல் மிக வலுவான நேர்மறை இருமுனை இருந்தும் மாநில வடகிழக்கு மழை இயல்பை ஒட்டியே முடிந்தது. இன்னொன்று, இந்த இருமுனை பெரும்பாலும் மார்கழிக்குள் கரைந்துவிடும். தை மழைக்கு அதைக் காரணம் சொல்லாதீர்கள்.

சென்னையில் பெய்தால் நமக்கும் என்பது

கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறுகிற புயல், சென்னையை நனைத்துவிட்டு நம் பக்கம் வறண்ட வாடைக்காற்றைத்தான் இழுத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திராவுக்குப் போனது நினைவிருக்கும். நமக்கு வேண்டியது தெற்கே, இலங்கை, குமரிக்கடல் வழியாக மேற்கே நகர்கிற தாழ்வுகள். அதைவிட முக்கியம், புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் கருக்கூடி இடிஇடித்துப் பெய்கிற வெப்பச்சலன மழை. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் மழைக் கணக்கில் அதன் பங்கு பெரிது. அது பல்லடத்தில் பெய்து பொங்கலூரில் பெய்யாது. எந்தக் கடல் வரைபடமும் அதைச் சொல்லாது.

"தமிழகத்தில் இயல்பான மழை"

மாநிலச் சராசரி. உங்கள் காட்டுக்கு அதில் சேதி எதுவும் இல்லை.

குளிரைப் பார்த்து லா நினா என்பது

லா நினா ஆண்டுகளில் வட இந்தியாவில் குளிர் கூடுவதுண்டு. நம் மார்கழி இரவு நடுங்குவதற்கு வானம் வெறிச்சோடி, காற்றில் ஈரம் இல்லாமல் இருந்தால் போதும். தரையின் சூடு முழுக்க மேலே போய்விடும். ஊட்டியில் உறைபனி விழுவதும் அப்படிப்பட்ட இரவுகளில்தான். மழை நீண்டு மேகம் நின்றால், கடலில் எது இருந்தாலும் போர்வை தேவைப்படாது.

ஒரு வருஷத்தை வைத்து வாதாடுவது

வேண்டாம்.

பருவம் தொடங்கிய பிறகும் பசிபிக்கையே பார்த்துக்கொண்டிருப்பது

ஐப்பசி பிறந்த பின் பசிபிக் எத்தனை டிகிரி கூடுதல் சூடு, 1.2-ஆ 1.4-ஆ என்று தேடுவதில் பிரயோசனம் இல்லை. அது மூன்று மாதத்துக்கான சாய்மானத்தைச் சொல்லி முடித்துவிட்டது. எந்த வாரம் பெய்யும் என்பதற்கு மேடன் ஜூலியன் அலைவைப் பாருங்கள். 1971-இல் மேடன், ஜூலியன் என்ற இருவர் கண்டுபிடித்தது. மேகக் கூட்டமும் அதன் பின்னால் ஒரு வறண்ட பகுதியும் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றி வரும். அது 2, 3, 4-ஆம் கட்டங்களில், அதாவது இந்தியப் பெருங்கடலிலும் அதை ஒட்டிய கிழக்கிலும், வலுவோடு இருக்கும்போது வங்கக்கடலில் தாழ்வுகள் உருவாக வாய்ப்பு கூடும். அது பசிபிக்குக்குப் போய்விட்டால், நல்ல எல் நினோ ஆண்டிலும் நமக்கு இரண்டு மூன்று வாரம் வெயில்தான். கொள்ளு விதைப்பைத் தள்ளிப்போடலாமா, கடலைக் கொடியைப் பிடுங்கிக் காயப்போடலாமா என்பதற்கு அந்த இரண்டு வாரக் கணக்குதான் உதவும்.

"கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதைப் பெரும்பாலான வருஷங்களில் நம்பலாம். ஆனால் அறுத்த சோளத்தட்டை மூடாமல் போடும் அளவுக்கு நம்ப வேண்டாம். மார்கழியில் குமரிக்கடலில் ஒரு சுழற்சி வந்தால் களத்திலேயே மக்கிவிடும்.

மழைமானியைத் தென்னைக்கு அடியில் வைப்பது

இதைச் சொல்ல வேண்டியிருப்பதே கொடுமை. ஆனால் கடந்த பருவத்தில்கூடப் பார்த்தேன்: பசிபிக்கின் வெப்பநிலையைத் தசம புள்ளியோடு சொல்கிற தம்பி, மட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தார். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து, மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்றும் எழுதுங்கள். அந்த நோட்டு சில வருஷம் சேர்ந்த பிறகு எல் நினோவைப் பற்றிப் பேச வாருங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.