உண்ணிச்செடி மறுபடி துளிர்க்காமல் அகற்றுவது எப்படி?

கூடலூர், முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போனவர்கள் உண்ணிச்செடியைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் இந்த அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இன்று மானும் காட்டெருமையும் மேய வேண்டிய புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்கிறது. அகற்றும் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தரும் முறை இது.

அனுமதி

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொடாதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதலாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். யானை நடமாடும் இடத்தில் உள்ளூர்க்காரர் துணையின்றிப் புதரை நெருங்க வேண்டாம். அடர்ந்த புதருக்குப் பின்னால் யானை நின்றாலும் தெரியாது.

கருவி

நீளப் பிடி போட்ட, கனமான, கூரான கொத்து ஒன்று போதும். தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தண்டு முழுக்கக் கொக்கி முள். ஜேசிபி கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது மண்ணைப் புரட்டுகிறது, புதைந்து கிடக்கும் விதைகள் அத்தனையும் மேலே வந்து முளைக்கின்றன.

வெட்டு

எல்லாரும் இடறும் இடம் இதுதான். அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். முழு வேரையும் தோண்டினாலோ ஜேசிபி செய்கிற கெடுதல்தான். இதற்கு நடுவே ஒரு வழியை டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டியது. ஆணிவேரை மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் துண்டிக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு விரற்கடை. துளிர்க்கும் கழுத்து செடியோடு வந்துவிடும், மண்ணும் அதிகம் கலையாது.

புதருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கால்களை அகட்டி, அடித்தண்டை ஒட்டிச் சாய்வாகக் கொத்துங்கள். மூன்று நான்கு வெட்டில் வேர் அறுபடும். தூக்கிப் பாருங்கள்: தண்டுக்குக் கீழே புடைத்த முடிச்சும் (துளிர்க்கும் கழுத்து இதுதான்), அதற்கும் கீழே வெட்டுவாயும் தெரிய வேண்டும். முடிச்சிலேயே வெட்டுப் பட்டிருந்தால் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள்.

எடுத்த செடியைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். வேர் மண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த கொம்புகள் வீண் அல்ல. முதுமலைப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இவற்றால் செய்த நிஜ அளவிலான யானைச் சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

கண்காணிப்பு

வெட்டுவதைவிட இது முக்கியம், ஆனால் இதற்குத்தான் ஆள் வருவதில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே இடத்துக்குப் போங்கள். கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் பழத்தைத் தின்று விதையைப் போடுவதால், அவை உட்காரும் மரங்களின் அடியில் முதலில் தேடுங்கள். இலையைக் கசக்கினால் காரமான நெடி, சொரசொரப்பு, நாற்கோணத் தண்டு: இவை அடையாளங்கள். நாற்றைக் கையாலேயே பிடுங்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே கல்லின்மேல் நின்று ஒரே திசையில் படம் எடுத்து வையுங்கள், மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: தீ வைத்தால் என்ன என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். நாட்டுச் செடிகளின் கன்றுகள் கருகும், உண்ணி அடியிலிருந்து துளிர்த்துவிடும்.

மாடு வளர்ப்பவர் ஒருவர் வெட்டிய தழையைத் தீவனமாகப் போடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது, அது கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. காலியான இடத்தில் அந்தப் பகுதிக்கே உரிய புல் விதையை மழைக்கு முன் தூவுங்கள். வெறும் மண்ணாக விட்டால் உண்ணியே முதலில் வந்து சேரும்.