நிரல் எழுதும் போட்டியின் (கான்டெஸ்ட்) கணக்கில் மாட்டிக்கொண்டால் எப்படி உதவி கேட்பது?

முதன்முதலில் நான் உதவி கேட்டபோது என் 120 வரி நிரலை (கோட்) அப்படியே ஒட்டி, "ராங் ஆன்சர் வருது, எங்கே தப்பு?" என்று ஒரே வரி எழுதினேன். இரண்டு நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் கேட்டார்: "ஒரே ஒரு எண் மட்டும் கொடுத்தால் உங்க கோட் என்ன சொல்லும்?" ஓட்டிப் பார்த்தேன். தப்பு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. யாரையும் கேட்காமலே பிடித்திருக்கலாம். எப்படி என்று அந்தக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

படி 1: போட்டி முடிந்ததா?

நடந்துகொண்டிருக்கும் கான்டெஸ்ட் கணக்கை வெளியில் கேட்கவும் கூடாது, யாராவது கேட்டால் பதில் சொல்லவும் கூடாது. இத்தகைய போட்டிகளை நடத்தும் கோட்ஃபோர்சஸ், அட்கோடர் ஆகிய இரண்டு தளங்களிலுமே இது விதி. கோட்ஃபோர்சஸ் சுற்றுகள் பெரும்பாலும் இரண்டு இரண்டரை மணி நேரம்தான். அட்கோடரின் தொடக்கநிலைப் போட்டி 100 நிமிடம். பொறுத்துக்கொள்ளலாம். நாள் கணக்கில் நடக்கும் போட்டிகளில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். முடியும் நேரம் எந்த நேர மண்டலத்தில் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். நிரல் எழுதித் தீர்க்கும் கணிதப் புதிர்களைத் தரும் பிராஜெக்ட் ஆய்லர் தளம் போட்டியே இல்லை, முடிவு தேதியும் கிடையாது; ஆனாலும் முதல் 100 கணக்குகளைத் தாண்டியவற்றின் தீர்வைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

படி 2: கதையை உரித்தெடுங்கள்

என் கணக்கில் ஒரு வியாபாரி, அவருடைய லாப நஷ்டம், எந்த நாள் தொடங்கி எந்த நாள் நிறுத்தினால் நல்லது என்று அரைப்பக்கக் கதை. உரித்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்: "எண்களின் வரிசை ஒன்று. அதில் அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டினால் கிடைக்கும் மிகப் பெரிய தொகை எது? குறைந்தது ஓர் எண்ணையாவது எடுக்க வேண்டும்." இதை உங்கள் சொற்களில் எழுதி, மூலக் கணக்கின் இணைப்பையும் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அதிலிருந்து இன்புட்டை யாராலும் காப்பி செய்ய முடியாது.

படி 3: எல்லைகளைப் பாருங்கள்

என் கணக்கில் 2 லட்சம் எண்கள் வரை, ஒவ்வொன்றும் மைனஸ் 100 கோடி முதல் பிளஸ் 100 கோடி வரை. எல்லாத் தொடக்கத்தையும் எல்லா முடிவையும் சோதித்தால் சுமார் 2,000 கோடி ஜோடிகள். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய நிரல் ஒரு நொடியில் சுமார் 10 கோடி எளிய வேலைகளைச் செய்யும் என்பது தோராயக் கணக்கு. ஆக 200 நொடி. 'நேரம் தாண்டிவிட்டது' (டைம் லிமிட்) என்று வராமல் என்ன செய்யும்! கூட்டுத்தொகை 200 லட்சம் கோடி வரை போகலாம். முழு எண்ணை வைக்கும் சாதாரண 32 பிட் 'இன்ட்' வகை 2,14,74,83,647-க்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய எண்களைத் தாங்கும் 'லாங் லாங்' வகை வேண்டும். உங்கள் நிரலைச் சோதிக்கத் தளம் கொடுக்கும் இன்புட்டுகளில் (டெஸ்ட் கேஸ்) பெரியவற்றில் மட்டும் தப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

படி 4: சின்ன இன்புட்டில் உடையுங்கள்

முக்கால்வாசிப் பேர் தாண்டிக் குதிக்கும் படி இது. மூன்று சின்ன நிரல்கள் போதும். ஒன்று, நீங்கள் சப்மிட் செய்தது. இரண்டாவது, மெதுவானாலும் நிச்சயம் சரியான விடை தரும் முரட்டு நிரல். எல்லாத் தொடக்கத்தையும் எல்லா முடிவையும் சோதிக்கும் அந்த 200 நொடி முறையே இங்கே உதவும், சின்ன இன்புட்டுக்கு நேரமே ஆகாது. மூன்றாவது, ஒன்று முதல் ஐந்து எண்கள், மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை, கண்டபடி உருவாக்கித் தருவது. முதல் இரண்டும் வேறு வேறு விடை சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

என்னுடையது சில நொடிகளில் மாட்டியது. இன்புட்: ஒரே எண், மைனஸ் 4. முரட்டு நிரல் சொன்னது மைனஸ் 4. என் கோட் சொன்னது 0. 'இதுவரை கண்ட மிகப் பெரிய தொகை'யை வைத்திருக்கும் மாறியை (நிரலில் ஒரு மதிப்பைச் சேமிக்கும் பெயர்) நான் 0-வில் தொடங்கியிருந்தேன். எல்லா எண்களும் மைனஸாக இருந்தால் அந்த 0 அசையவே அசையாது. கொடுத்திருந்த மாதிரி இன்புட்டுகளில் பிளஸ் எண் இருந்ததால் எல்லாம் பாஸ்.

இன்புட்டைப் பெரிதாக்காதீர்கள். ஐந்து எண்ணில் தப்பு தெரிந்தால் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். ஐந்தாயிரத்தில் தெரிந்து என்ன பயன்?

படி 5: இன்னும் பிடிபடவில்லையா, கேளுங்கள்

உரித்த கணக்கு, எல்லைகள், உங்கள் யோசனை இரண்டு வரியில், உடையும் இன்புட், வரவேண்டிய விடை, வந்த விடை. கோட் கடைசியில். மாறிகளுக்குப் புரியும்படி பெயர் வையுங்கள். வெறும் ஒற்றை எழுத்துகளாக இருந்தால் நானே படிக்க மாட்டேன்.

பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் இருந்தால், முழுத் தீர்வையும் கொட்டிவிடாதீர்கள். உடையும் ஓர் இன்புட்டைக் காட்டுங்கள், எனக்கு ஒருவர் காட்டியதுபோல. அதிலும் நகரவில்லை என்றால், "அந்த மாறி எந்த மதிப்பில் தொடங்குகிறது?" என்று ஒரு படி கிட்டே போங்கள்.

தீர்ந்த பிறகு காரணத்தைக் கேள்விக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். நான் எழுதியது: "0-வில் தொடங்கியது தப்பு. வரிசையின் முதல் எண்ணில் தொடங்கினேன், பாஸ்."