கல்லூரி பேஸ்பாலில் ஒரு பேட்டர் எத்தனை ஹோம் ரன் அடிப்பார்? நாமே கணக்குப் போடும் முறை

பிப்ரவரி நடுவில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சீசன் தொடங்கும். நான்கு வாரம் போவதற்குள் யாராவது ஒரு மாணவர் 7 ஹோம் ரன் அடித்துவிடுவார். உடனே "இதே வேகத்தில் போனால் 26" என்று எல்லோரும் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அந்த 26-ஐ எவ்வளவு நம்பலாம், அதைவிட நல்ல எண் ஒன்றை எப்படிப் போடுவது என்று இங்கே பார்க்கலாம். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கணக்கு, கல்லூரிப் போட்டிகளின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன் அணிகளுக்கு மட்டும்.

கருவி என்று கேட்டால் கூகுள் ஷீட்ஸ் போதும். இதற்குப் போய் பைத்தான் கற்றுக்கொள்ளக் கிளம்பாதீர்கள், அதற்குள் சீசன் முடிந்துவிடும். அடித்த பந்தின் வேகம், கோணம் எல்லாம் காட்டும் கட்டணத் தளங்களும் உண்டு. முதல் கணக்குக்கு அவை வேண்டாம்.

படி 1: எண்களை எடுங்கள்

கல்லூரி அணியின் அதிகாரபூர்வத் தளத்தில் புள்ளிவிவரப் பக்கம் இருக்கும். பேட்டர் ஆடிய ஆட்டங்கள், ஹோம் ரன்கள், பிளேட் அப்பியரன்ஸ் (பேட் பிடிக்க வந்து நின்ற மொத்தத் தடவைகள்) மூன்றையும் எடுங்கள். பல தளங்களில் அட்-பேட் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் அதோடு வாக், பந்து உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் ஃபிளை, சாக்ரிஃபைஸ் பண்ட் நான்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய ஹிட்டருக்கு எதிரணி பயந்து பயந்து வாக் கொடுக்கும். அதை விட்டுவிட்டால் கணக்கு அவருக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும்.

நம் கற்பனை மாணவர்: 15 ஆட்டம், 65 பிளேட் அப்பியரன்ஸ், 7 ஹோம் ரன்.

படி 2: அது எந்த ஆண்டு என்று பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் பெரும்பாலோர் தாண்டிப் போவது இதைத்தான். கல்லூரி பேஸ்பாலில் பேட்டும் பந்தும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இங்கே மரக்கட்டை பேட் கட்டாயமில்லை. உள்ளே குடைவான உலோக, காம்போசிட் பேட்டுகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. பந்து படும்போது அவற்றின் சுவர் உள்வாங்கி, திரும்பத் தள்ளும். 2011-இல் பிபிகோர் என்ற விதி வந்து, இந்தத் துள்ளலுக்கு 0.50 என்று உச்சவரம்பு வைத்தது. பேட் கிட்டத்தட்ட மரத்தைப் போல ஆனது. விளைவைப் பாருங்கள்: 2010-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.94 ஹோம் ரன் அடித்தது. அடுத்த ஆண்டே அது 0.52. 2014-இல் 0.39.

அப்புறம் 2015-இல் பந்தை மாற்றினார்கள். தையல் மேடு 0.048 அங்குலத்திலிருந்து 0.031 அங்குலமாகத் தாழ்ந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை, விரலால் தடவினால்தான் தெரியும். ஆனால் மேடு தாழ்ந்தால் காற்றின் இழுப்பு குறையும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு பந்துகளையும் ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் ஏவிப் பார்த்தார்கள். பழையது 367 அடி போனது, புதியது 387 அடி. அந்த 20 அடியில்தான் வேலியோரம் கேட்ச் ஆகும் பந்து வேலியைத் தாண்டுகிறது. அந்த ஆண்டே சராசரி ஏறத் தொடங்கியது. இப்போது அணிக்கு ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல்.

இனி மூன்று பெயர்களை எடுத்துக்கொள்வோம். 1985-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்கவிலியா 75 ஆட்டத்தில் 48. அதுதான் இன்றும் சாதனை. 2024-இல் ஜார்ஜியாவின் சார்லி காண்டன் 60 ஆட்டத்தில் 37. 2013-இல் சான் டியாகோவின் கிரிஸ் பிரையன்ட் 62 ஆட்டத்தில் 31. வெறும் எண்ணைப் பார்த்தால் பிரையன்ட் மூன்றாமிடம். ஆனால் ஆட்டத்துக்கு அரை ஹோம் ரன் அடித்த அவர், சராசரி அணி முழுவதுமே ஆட்டத்துக்கு அரைகூட எட்டாத ஆண்டில் அதைச் செய்தார். ஓர் அணி அடிப்பதைவிட ஒற்றை ஆள் அதிகம்! என்னைக் கேட்டால் பிபிகோர் காலத்தின் மிகப் பெரிய பவர் சீசன் அதுதான். காண்டன் ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

ஆகவே அந்தந்த ஆண்டின் அணிச் சராசரியை எடுத்து, 39-ஆல் வகுங்கள். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய அத்தனை பிளேட் அப்பியரன்ஸ் வரும். சராசரி 1.1 என்றால் 2.8 சதவீதம். 2014 என்றால் 1 சதவீதம்.

படி 3: கலந்து போடுங்கள்

7-ஐ 65-ஆல் வகுத்தால் 10.8 சதவீதம். மீதி 41 ஆட்டத்துக்கு 176 பிளேட் அப்பியரன்ஸ் என்று வைத்துப் பெருக்கினால் இன்னும் 19, மொத்தம் 26. தலைப்புச் செய்தி இப்படித்தான் பிறக்கிறது. பிப்ரவரியில் பலவீனமான எதிரணிகள் நிறைய வரும், மாநாட்டு ஆட்டங்கள் (கான்ஃபரன்ஸ் எனப்படும் தம் குழுவின் அணிகளோடு ஆடுபவை) தொடங்கியதும் பிட்சிங் தரம் மாறிவிடும் என்பதெல்லாம் இதில் இல்லை.

அதனால் அவருடைய கணக்கோடு ஒரு சராசரி பேட்டரின் 150 பிளேட் அப்பியரன்ஸைச் சேர்த்துவிடுங்கள். 150-இல் 2.8 சதவீதம் 4.2 ஹோம் ரன். ஆக 11.2-ஐ 215-ஆல் வகுக்க வேண்டும்: 5.2 சதவீதம். 176-ஆல் பெருக்கினால் 9. ஏற்கெனவே அடித்த 7-ஐக் கூட்டினால் 16. இதே மாணவர் 2014-இல் ஆடியிருந்தால் 14.

150 என்பது வேதவாக்கு இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது, நீங்கள் 120 வைத்தாலும் குடி முழுகிவிடாது. ஆனால் முதலாண்டு மாணவருக்கு மட்டும்தான் லீக் சராசரி. ஃபுளோரிடாவின் ஜாக் காலியானோன் 2023-இல் 33 அடித்துவிட்டு அடுத்த ஆண்டு வந்து நின்றபோது அவரைச் சராசரியோடு கலந்தால் அநியாயம். அப்படிப்பட்டவருக்குப் போன ஆண்டு விகிதத்தையே கலவைக்கு எடுங்கள். அவர் 2024-இல் 35 அடித்தார்.

படி 4: மைதானம்

சொந்த மைதானத்தில் இரண்டு அணியும் சேர்ந்து அடித்த ஹோம் ரன்னை, வெளியூர் ஆட்டங்களில் அடித்ததோடு ஒப்பிடுங்கள், இரண்டையும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு. குறைந்தது மூன்று ஆண்டுக்கு எடுங்கள். விகிதம் 1.30 என்று வந்தால் 1.15 மட்டும் பயன்படுத்துங்கள், பாதி ஆட்டம் வெளியூரில்தானே. கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஆடும் ஏர் ஃபோர்ஸ் போன்ற அணிக்கு இந்தப் படி கட்டாயம். கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேல் காற்று மெல்லியது, பந்து பறக்கும்.

நேர் எதிர் உதாரணம் ஒமாஹா. கல்லூரி சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றான கல்லூரி உலகத் தொடர் 2011 முதல் நடக்கும் அங்குள்ள மைதானத்தில் நடு வேலி 408 அடி. ஹோம் பிளேட் தென்கிழக்கைப் பார்த்து இருப்பதால், ஜூன் மாதத் தெற்குக் காற்று பேட்டரின் முகத்தில் வந்து அடிக்கும். 2013 தொடர் முழுவதிலும் 3 ஹோம் ரன். 2014-இலும் 3, அதில் ஒன்று, வான்டர்பில்ட்டின் ஜான் நார்வுட் கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அடித்தது. 3-2 என்று கோப்பை அவர்களுக்குப் போனது. அங்கே எதையும் மதிப்பிடும்போது படி 2-ஐ மறக்காதீர்கள், 2015-க்குப் பின் பந்து வேறு.

படி 5: ஒற்றை எண் சொல்லாதீர்கள்

மீதிக்கு வந்த 9-க்கு வர்க்கமூலம் எடுங்கள்: 3. ஆகவே 6 முதல் 12. பழைய 7-ஐச் சேர்த்தால் 13 முதல் 19. ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை விடை இதற்குள் விழும். ஏற்கெனவே அடித்த 7-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டாம், அது நடந்து முடிந்த கதை.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: "6-12" என்று கட்டத்தில் தட்டினால் ஷீட்ஸ் அதைத் தேதியாக்கிவிடுகிறது. முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள், அல்லது கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டு கட்டமாக வையுங்கள். இரண்டாவதுதான் என் வழக்கம்.

இன்னொருவர் மீதி ஆட்டம் 41 எப்படி வந்தது என்று கேட்டார். வழக்கமான சீசன் 56 ஆட்டம், அதிலிருந்து 15 போக. பிந்தைய சுற்றுகளை நான் சேர்க்கவில்லை. அணி ஒமாஹா வரை போனால் ஆட்டங்கள் கூடும், அப்போது அதே 5.2 சதவீதத்தை எடுத்துத் தனி வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள்.