எண்ணெய் கலந்த நிலத்தடி நீரை மண்ணிலுள்ள பாக்டீரியாக்களைக் கொண்டே தூய்மைப்படுத்தும் முறை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள ஹனாஹனில், 1975ஆம் ஆண்டு ராணுவ எரிபொருள் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 80,000 கேலன் ஜெட் எரிபொருள் கசிந்து மணலில் இறங்கியது. 1985க்குள் அது நிலத்தடி நீரோடு குடியிருப்புப் பகுதியை எட்டிவிட்டது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த மண்ணிலேயே இருந்தன. 1992இல் ஊடுருவல் அகழிகள் (நீரை மண்ணுக்குள் இறங்கவிடும் பள்ளங்கள்) வழியாக அவற்றுக்கு ஊட்டச்சத்தை இறக்கி, மாசுற்ற நீரைக் கிணறுகள் வழியாக வெளியேற்றியதில், 1993 இறுதிக்குள் குடியிருப்புப் பகுதியில் மாசு 75 விழுக்காடு குறைந்தது. ஆகவே பாக்டீரியாவை விலைக்கு வாங்குவதற்கு முன், மண்ணில் இருப்பவற்றுக்கு என்ன குறை என்று பார்ப்பதே முறை.

முதலில் கசிவை அடைத்து, நீரின்மேல் மிதக்கும் எண்ணெயை இறைத்து அகற்ற வேண்டும்; அது இருக்கும்வரை மற்ற முயற்சிகள் வீணே. பிறகு நிலத்தடி நீர் ஓடும் திசையில் மாசுக்கு மேற்புறமும் உள்ளேயும் கீழ்ப்புறமும் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, ஆக்சிஜன், நைட்ரேட், கரைந்த இரும்பு, எரிபொருளிலுள்ள நச்சுப்பொருளான பென்சீன் ஆகியவற்றை அளக்க வேண்டும். மாசுள்ள இடத்தில் ஆக்சிஜன் அற்றுப்போய் இரும்பு மிகுந்திருந்தால், பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மண்ணிலுள்ள இரும்பைப் பயன்படுத்திக் கரைக்கின்றன, அதாவது ஏற்கெனவே வேலை செய்கின்றன என்று பொருள் கொள்ளலாம். அத்தகைய நீர் இறைத்தவுடன் தெளிவாக இருந்து, காற்றுப் பட்டதும் துருநிறமாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

பெரும்பாலும் குறைவது ஆக்சிஜன்தான். ஒரு கிராம் பென்சீன் முழுவதும் சிதைய ஏறக்குறைய 3 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 பாகை செல்சியசில் காற்றோடு கலந்த ஒரு லிட்டர் நீரிலோ சுமார் 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். எனவே காற்றூட்டிய நீரை மட்டும் நம்பாமல், நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைத் தொடர்ந்து செலுத்துவது நல்லது. கரைந்த இரும்பு துருவாகப் படிந்து கிணற்றுக் குழாயின் துளைகளை அடைக்கும் என்பதால், அவற்றை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். ஊட்டச்சத்தான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஆய்வு முடிவுக்கேற்பச் சிறுகச் சிறுக இடவேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதை மறந்து அள்ளிக் கொட்டினால், ஒரு மாசுக்குப் பதில் இன்னொன்றே மிஞ்சும். களிமண் நிலத்தில் காற்றும் நீரும் எளிதில் பரவா. அங்கு இம்முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அளவுகள் இறங்கியபின் காற்றையும் ஊட்டத்தையும் நிறுத்தி, நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓர் ஆண்டு முழுவதும் மாதிரி எடுக்க வேண்டும். மண்ணில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மழைக்காலத்தில் மீண்டும் நீரில் கரையக்கூடும் என்பதால், அதுவரை அக்கிணற்று நீரைக் குடிக்கக் கொடுக்கலாகாது.